ஊருக்குப் போய் வந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது

தஞ்சம் கேட்டு அமெரிக்காவில் காட் எடுத்தவர்கள் சிற்றிசன்சிப் பற்றிக் கேட்க வந்தால் முதலில் கட்டணம் எவ்வளவு என்பார்கள். பிறகு பரீட்சை கஷ்டமா என்பார்கள். கதைத்து முடித்து எழும்பிப் போகிற நேரத்தில், கதவடியில் நின்றுகொண்டுதான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்: "இடையில ஒருக்கா ஊருக்குப் போய் வந்தனான். அம்மாவின்ர செத்தவீடு. அது பிழையாப் போகுமோ?"

இந்த அத்தியாயம் அந்தக் கதவடிக் கேள்விக்கானது. இலங்கையிலிருந்து வந்து அமெரிக்காவில் தஞ்சம் பெற்று, கிரீன் காட் எடுத்து, இடையில் ஒரு தடவையோ பல தடவையோ இலங்கைக்குப் போய் வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. பல நேர்முகங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். உங்கள் கேஸில் எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்பதைக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன.

ஊருக்குப் போய் வந்தவருக்குக் குடியுரிமை இல்லை என்று அமெரிக்கச் சட்டத்தில் எந்த இடத்திலும் எழுதியில்லை. போய் வந்த பலர் குடியுரிமை எடுத்திருக்கிறார்கள். ஆனால் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டால் உங்களுடைய முழுக் கோவையும் ஓர் அதிகாரியின் கைக்குப் போகிறது. தஞ்சம் கேட்டபோது எழுதிய கதை அதில் இருக்கும். நீங்கள் வெளிநாடு போய் வந்த திகதிகளும் அவருக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்று அவர் பார்ப்பார். பயணத்தால் கெட்ட கேஸ்களைவிட, பயணத்தை ஒளிக்கப் போய்க் கெட்டவையே நான் கண்டவற்றில் அதிகம்.

ஐந்து வருடம் எப்போது முடிகிறது

உங்கள் காட்டில், எப்போதிலிருந்து நிரந்தர வதிவாளர் என்று ஒரு திகதி இருக்கும். தஞ்சம் பெற்றவர்களுக்கு அந்தத் திகதியை, காட்டுக்கு அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளிப் போடும்படி சட்டமே சொல்கிறது. 2021 ஜூன் 10இல் அனுமதி கிடைத்தவரின் காட்டில் 2020 ஜூன் 10 என்று இருக்கும். அவருக்கு ஐந்து வருடம் 2025 ஜூன் 10இல் நிறைகிறது. அதற்கு 90 நாள் முன்னராக, 2025 மார்ச் 12 முதல் விண்ணப்பம் போடலாம். இது தெரியாமல் ஒரு வருடம் வீணாகக் காத்திருந்தவர்கள் உண்டு.

அந்த ஐந்து வருடத்துக்குள் மொத்தம் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் மாநிலத்தில் மூன்று மாதம் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சியான வசிப்பு முறிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வேலை, வீடு, வரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேதான் இருந்தன என்று காட்டி அதை நீங்கள் மாற்ற வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ நின்றிருந்தால் கணக்கு முறிந்ததுதான்.

படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க ஏழு மாதம் யாழ்ப்பாணத்தில் நின்றவருக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது. நாட்கணக்கும் இடிக்கிறது. "உயிருக்குப் பயம் என்றவர் ஏழு மாதம் அங்கே எப்படி இருந்தார்" என்ற கேள்வியும் வருகிறது. இப்படிப்பட்டவர் அவசரப்படாமல், அந்தப் பயணம் ஐந்து வருட எல்லையைத் தாண்டும்வரை பொறுத்திருப்பது நாட்கணக்குக்காவது உதவும்.

பயணம் ஏன் கேள்வியாகிறது

ஒருவரின் தஞ்சத்தை எந்தக் காரணங்களுக்காக நிறுத்தலாம் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. ஊர் திரும்புவதும் அதில் ஒன்று. ஆனால் அந்த வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானே விரும்பி நாடி, அங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமையோடு, அல்லது அது கிடைக்கும் என்ற நியாயமான வாய்ப்போடு, திரும்பியவரைப் பற்றித்தான் அது பேசுகிறது. இரண்டு கிழமை செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் இதற்குள் அடங்கமாட்டார் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

அதனால் அதிகாரிகள் பெரும்பாலும் வேறு இரண்டு வழிகளில் வருகிறார்கள். ஒன்று, நாட்டு நிலைமை அடிப்படையில் மாறிவிட்டது, இனிப் பயப்படத் தேவையில்லை என்பது. மற்றது, நீங்கள் தொடக்கத்திலேயே பயப்படவில்லை, சொன்ன கதை பொய் என்பது. இரண்டாவதுதான் ஆபத்தானது. குடியுரிமை கேட்பவர், தான் சட்டப்படி முறையாக நிரந்தர வதிவிடம் பெற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். கதை பொய் என்றால் தஞ்சம் பிழை, தஞ்சம் பிழை என்றால் காட்டும் பிழை என்று கோவை பின்பக்கமாக அவிழத் தொடங்கும்.

காட் எடுத்த பிறகும் தஞ்சத்தைக் கிளற முடியுமா? யூஎஸ்சிஐஎஸ் என்று நாம் சொல்லும் குடிவரவுத் திணைக்களம் 2006 டிசம்பரில் வெளியிட்ட பயண விளக்கக் குறிப்பில், தஞ்சத்தின் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர் தன் நாட்டுக்குப் போனால் விளக்கம் கேட்கப்படலாம், தஞ்சம் நிறுத்தப்படவும் கூடும் என்று சொன்னது. ஆனால் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2014இல் தந்த தீர்ப்பொன்றின்படி, காட் பெற்ற பிறகு ஒருவர் தஞ்சம் பெற்றவர் என்ற நிலையில் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் சட்டத்தரணிகள் வாதாடுகிறார்கள். என் பார்வையில், நேர்மையாகத் தஞ்சம் பெற்று, காட்டும் எடுத்து, பல வருடம் கழித்துக் கொஞ்ச நாள் போய் வந்தவருக்கு நிலைமை மாறியது என்ற காரணம் பெரிய ஆபத்தாக வராது. பொய் சொன்னார் என்ற சந்தேகத்துக்குத்தான் அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

காட் கிடைப்பதற்கு முன்னரே போய் வந்தவரின் நிலை வேறு. காட் கேட்கிற நேரத்திலும் அவர் அகதியாகத் தொடர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பயணத்தைப் பற்றி அப்போது கேட்டார்களா, என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் இப்போது முக்கியமாகும்.

யாருக்குப் பயந்து வந்தீர்கள் என்பதை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. இயக்கத்துக்குப் பயந்து வந்தவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு போய் வந்தார் என்றால் அதில் முரண்பாடு இல்லை. பயந்த தரப்பு அங்கே இல்லை. வேறொரு ஆயுதக் குழுவுக்குப் பயந்தவர், அந்தக் குழு தன் ஊரில் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அரசுக்கும் படைகளுக்கும் பயந்து வந்தவர்தான் கட்டுநாயக்கவில் அதே அரசின் அதிகாரியிடம் கடவுச்சீட்டை நீட்டியிருக்கிறார். அவருக்குத்தான் நீண்ட விளக்கம் தேவை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகு பலர் துணிந்து போனார்கள், 2019 நவம்பரில் மறுபடி ஆட்சி மாறியதும் பயந்து நிறுத்தினார்கள். உங்கள் பயணம் அந்தக் காலத்தில் என்றால் அதைச் சொல்லுங்கள். அதிகாரிக்கு இலங்கை அரசியல் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடவுச்சீட்டும் ஒரு கேள்வி. தூதரகத்துக்குப் போய் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதையே அந்நாட்டின் பாதுகாப்பை நாடியதன் அடையாளமாகப் பார்க்கலாம். தஞ்சம் பெற்றவர்களுக்கென்று ஐ-131 படிவத்தில் கேட்டுப் பெறும் அகதிப் பயணப் பத்திரம் இருக்கிறது. அது ஒரு வருடம் செல்லும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இலங்கைக் கடவுச்சீட்டில் போனேன் என்பது உண்மையானால், அதை அப்படியே சொல்லலாம்.

கணவரோ மனைவியோ பெற்றோரோ தஞ்சம் பெற்றதால் கூட வந்தவர்களுக்குப் பயணம் இவ்வளவு இடைஞ்சல் தராது. அவர்கள் தங்கள் பயத்தைச் சொல்லித் தஞ்சம் பெறவில்லை. காட்டில் உள்ள வகைக் குறியீட்டைப் பாருங்கள்: ஏஎஸ்6 என்றால் தஞ்சம் கேட்ட ஆள், ஏஎஸ்7 வாழ்க்கைத் துணை, ஏஎஸ்8 பிள்ளை. ஆனாலும் மனைவியும் பிள்ளைகளும் வருடா வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தால், கணவரின் கோவையை எடுப்பவர் அதையும் பார்ப்பார்.

முதலில் உங்கள் கோவையை நீங்கள் படியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஐ-589 தஞ்ச விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்று உங்களுக்கு இன்று சரியாக நினைவிருக்காது. எழுதியது நீங்களாகவும் இருக்காது. யாரோ ஒருவர் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பிடித்துக்கொண்டு போன மாதம், முகாமின் பெயர், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்ற ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. நீங்கள் மறந்திருக்கலாம், கோவையில் அப்படியே இருக்கும்.

தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உங்கள் ஏ-கோவையின் பிரதியை யூஎஸ்சிஐஎஸ் இணையத்தளத்திலேயே கேட்கலாம். நீதிபதி முன் தஞ்சம் பெற்றவர் குடிவரவு நீதிமன்றத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும். விசாரணையின் ஒலிப்பதிவையும் கேட்டு வாங்கலாம். நாடு கடந்து போய் வந்த பதிவுகள் எல்லைப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் இருக்கும். இவை வந்து சேர நாளாகும். வந்த பிறகுதான் என்-400 நிரப்ப வேண்டும்.

பிரதி கைக்கு வந்ததும் ஒரு கொப்பியை எடுத்து, தஞ்சக் கதை, ஐ-485 காட் விண்ணப்பம், பயணங்கள் மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். திகதி இடிக்கும் இடம், ஊர்ப் பெயர் மாறும் இடம், "திரும்பிப் போகவில்லை" என்று சொல்லிய இடம் எல்லாம் தெரிந்துவிடும். சட்டத்தரணியிடம் அந்தக் கொப்பியோடு போங்கள்.

ஊரில் கலியாணம் கட்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனைவியைக் கூப்பிட ஐ-130 போட்டபோது கலியாணப் படங்களை நீங்களே கொடுத்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்து மண்டபத்தில் தாலி கட்டுகிற படமும், பதிவாளர் முன் நீங்கள் கையெழுத்திட்ட திகதியும் அரசிடம் இருக்கின்றன. அந்தப் பயணத்தை என்-400இல் விட்டுவிட்டால், விட்டது தெரியாமல் போகாது.

பயணத்தை எழுதும் விதம்

என்-400 கடந்த ஐந்து வருடத்தில் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட எல்லாப் பயணங்களையும், போன நாடுகளையும் கேட்கிறது. சென்னையில் இறங்கி, சில நாள் நின்று, அங்கிருந்து பலாலிக்குப் பறந்தவர்கள் "இந்தியா" என்று மட்டும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுத வேண்டாம். இரண்டு நாடுகளையும் எழுதுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய பயணத்தைப் படிவம் கேட்காது. நேர்முகத்தில் அதிகாரி கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போதோ முன்போ அரச அதிகாரிகளிடம் பொய்யான தகவல் கொடுத்ததுண்டா என்றும் படிவம் கேட்கிறது. பயணத்தை மறைத்தவர் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஒரு பொய் இரண்டாகிறது.

பயணத்துக்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஆதாரங்களோடு இணைத்துத் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பத்தோடு அனுப்புவதா, நேர்முகத்துக்குக் கையில் கொண்டுபோவதா என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும். ஊரில் சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக்கடதாசி போல இதற்கு முத்திரை எதுவும் வேண்டாம். பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு கையெழுத்தும் திகதியும் இருந்தால் போதும். இப்படி எழுதலாம்:

"என் தாயார் 2018 பெப்ரவரி 3ஆம் திகதி பருத்தித்துறையில் காலமானார். நான் அவருக்கு ஒரே மகன். எங்கள் சமய வழக்கப்படி சிதைக்குக் கொள்ளி வைப்பது மகனின் கடமை. பெப்ரவரி 5ஆம் திகதி கொழும்பில் இறங்கி, 24ஆம் திகதி புறப்பட்டேன். என்னிடம் வேறு பயணப் பத்திரம் இல்லாததால் இலங்கைக் கடவுச்சீட்டில் போனேன். விமான நிலையத்தில் என்னைத் தனியாக விசாரிக்கவில்லை. மச்சானின் வாகனத்தில் இரவோடு இரவாக வீட்டுக்குப் போனேன். செத்தவீட்டுக்கும் எட்டுச்செலவுக்கும் நின்றேன். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நிற்கப் பயந்து திரும்பிவிட்டேன். 2007இல் என்னைத் தடுத்து வைத்த முகாம் 2018இல் அந்த இடத்தில் இருக்கவில்லை. அதனால்தான் போகத் துணிந்தேன்."

இதில் அழகான வசனம் ஒன்றும் இல்லை. ஏன் போனார், எப்படிப் போனார், எத்தனை நாள் நின்றார், என்ன கவனம் எடுத்தார், முன்பிருந்த பயத்துக்கு என்ன ஆனது என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறது. உங்களுடையது வேறு கதையாக இருக்கும். இதைப் பார்த்து எழுத வேண்டாம். தேருக்குப் போய்ப் படம் எடுத்து முகநூலில் போட்டவர், வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று எழுதினால் அந்த ஒரு வரியே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பயம் குறைந்துதான் போனேன் என்றால் அப்படியே எழுதுங்கள். பத்து வருடத்தில் பயம் குறைவது மனித இயல்பு, முன்பு பயமே இருக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆதாரம் என்று மரணச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டு, விமானச் சீட்டு, கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்கள் இவற்றைச் சேருங்கள். நம்மிடம் இன்னொன்று இருக்கிறது: அந்தியேட்டியில் கொடுக்கிற கல்வெட்டு. இறந்த திகதி, ஊர், பிள்ளைகளின் பெயர், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்பதெல்லாம் அதில் அச்சில் இருக்கும். உறவைக் காட்ட அதைவிட நல்ல தாளை நான் பார்த்ததில்லை. தமிழிலுள்ள எதையும் முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டு மொழியும் தெரிந்தவர், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெளியாள் ஒருவரைக் கொண்டு செய்விப்பது நல்லது.

"பிரச்சினை" என்ற சொல்

நேர்முகத்தில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும்போது 50 வயது தாண்டி 20 வருடம் காட்டோடு இருந்தவர்களும், 55 தாண்டி 15 வருடம் இருந்தவர்களும் தமிழிலேயே செய்யலாம். மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இங்கேதான் நம்முடைய தமிழ் நமக்கே இடறும். "போன இடத்தில ஒரு பிரச்சினையும் இல்லை" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வோம். போன காரியம் முடிந்தது, சுகமாகத் திரும்பினேன் என்பதுதான் நாம் சொல்வது. அது ஆங்கிலமாகும்போது, "எனக்கு இலங்கையில் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்ற வாக்குமூலமாகப் பதிவாகும். நாம் போரையே "பிரச்சினை" என்று சொல்லிப் பழகியவர்கள். "பிரச்சினை நேரம் இடம்பெயர்ந்தம்" என்போம். ஒரே சொல்லுக்குள் ஷெல்லடியும் இருக்கிறது, விமானம் பிந்தியதும் இருக்கிறது. "கூட்டிக்கொண்டு போனவங்கள்" என்பதும் அப்படித்தான். கைது என்பதைத்தான் சொல்கிறோம் என்று ஊர் தெரியாத மொழிபெயர்ப்பாளருக்கு விளங்காது. ஆங்கிலத்தில் பேசுகிறவரும் மனதில் தமிழில் நினைத்துத்தான் பேசுகிறார். ஆகவே நேர்முகத்துக்கு முன் வீட்டில் யாரையாவது அதிகாரியாக இருத்திப் பயிற்சி எடுங்கள்: எப்போது போனீர்கள், எந்தக் கடவுச்சீட்டில், எங்கே தங்கினீர்கள், பொலிசோ இராணுவமோ விசாரித்ததா, கொல்வார்கள் என்று சொன்னவர் ஏன் திரும்பிப் போனீர்கள். கடைசிக் கேள்வி கோபமாகவும் வரலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

குடிமையியல் பரீட்சை மாறியிருக்கிறது. 2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பம் போட்டவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். படித்தால் வரும்.

யார் பொறுக்க வேண்டும்

சிலர் சட்டத்தரணியைக் காணாமல் என்-400ஐத் தொடவே கூடாது. தஞ்சக் கதையில் உண்மை இல்லாதவர், காட்டுக்கு முன்னரே ஊர் போனவர், பல தடவை போய் மாதக்கணக்கில் நின்றவர், அங்கே காணி வாங்கியவர் அல்லது வியாபாரம் தொடங்கியவர், இங்கே பொலிஸ் கேஸ் உள்ளவர். இயக்கத்தோடு தொடர்பு இருந்து அதைச் சொல்லாமல் விட்டவரும் இதில் அடக்கம். அமெரிக்கா 1997 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. கட்டாயத்தில் கொடுத்த சோறும் காசும்கூட உதவியாகக் கணக்கில் வரும். வற்புறுத்தலால் கொடுத்தவர்களுக்கு விலக்கு அளிக்கும் வழி 2007 முதல் இருக்கிறது. தஞ்சம் கேட்டபோதே அதைச் சொல்லி விலக்குப் பெற்றவர் என்-400இலும் அதையே சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம். அதுவும் தோற்றால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மறுப்போடு விஷயம் நிற்காமல், நாடுகடத்தல் வழக்குக்கான அழைப்பாணையும் வரலாம். 2025 பெப்ரவரியில் யூஎஸ்சிஐஎஸ் அத்தகைய அழைப்பாணைகளை அனுப்பும் கொள்கையை விரிவாக்கியது. கோவையில் ஓட்டை உள்ளவருக்குக் குடியுரிமை விண்ணப்பம் ஆபத்தில்லாத ஒன்று அல்ல. பத்து வருடத்துக்கு ஒருமுறை காட்டைப் புதுப்பித்துக்கொண்டு அப்படியே இருப்பதும் சட்டப்படி சரிதான்.

மறைத்து எடுத்த குடியுரிமையும் நிம்மதி தராது. அதைப் பறிக்கக் கேட்கும் சிவில் வழக்குக்குக் கால எல்லையே இல்லை. பொஸ்னியப் போரிலிருந்து அகதியாக வந்த மஸ்லெனியாக் என்ற பெண், கணவர் இராணுவத்தில் இருந்ததை மறைத்து அகதி அந்தஸ்துப் பெற்றுப் பின்னர் குடியுரிமை எடுத்தார். குற்றவியல் வழக்கில் அது பறிபோனது. 2017இல் உச்ச நீதிமன்றம், சொன்ன பொய் குடியுரிமை கிடைத்ததில் பங்கு வகித்திருக்க வேண்டும் என்று தீர்த்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. சின்னத் திகதிப் பிழைக்கு யாரும் குடியுரிமையைப் பறிக்க முடியாது என்பது அதில் ஆறுதல். ஊருக்குப் போனதை மறைப்பது சின்னப் பிழை அல்ல.

படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்கும் "நோட்டரி"களிடம் இந்தக் கேஸோடு போக வேண்டாம். சட்டத்தரணியோ, நீதித் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோதான் உங்களுக்காகப் பேசலாம்.

ரொறன்ரோ அண்ணா சொன்னது

நம்முடைய குடும்பங்கள் மூன்று நாடுகளில் சிதறிக் கிடப்பதால் புத்திமதியும் மூன்று நாடுகளிலிருந்து வருகிறது. கனடாச் சட்டம் வேறு. அங்கே 2012 டிசம்பர் 15 முதல், சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியவர் என்று அகதிச் சபை தீர்த்தால் அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். ஊர் போய் வந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வழக்குத் தொடங்கியதும் உண்டு. 2022இல் கனடாவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் கமாயோ வழக்கில், போனவருக்குப் பின்விளைவு தெரிந்திருந்ததா, யாருக்குப் பயந்தார், என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார் என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. கனடாவில் குடியுரிமை கைக்கு வந்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். ஆகவே ஸ்கார்பரோவில் இருப்பவர் "போகவே போகாதே" என்று பதறுவதில் நியாயம் இருக்கிறது. அதை அப்படியே நியூ ஜேர்சிக்குப் பொருத்த முடியாது. இங்கே நடந்ததை வைத்து அங்கே ஒருவருக்குத் தைரியம் சொல்லவும் கூடாது.

விண்ணப்பம் போட்ட பிறகு

கட்டணம் 2024 ஏப்ரல் முதல் இணையத்தில் 710 டொலர், தாளில் 760 டொலர். வருமானம் குறைந்தவர்களுக்கு 380 டொலர், இன்னும் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம். போடும் நாளில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி வாழ்த்துச் சொல்லி அனுப்பினாலும் அன்றைக்கே நீங்கள் குடிமகன் அல்ல. சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிடும் கடிதத்தின் பின்பக்கத்தில், நேர்முகத்துக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா என்று மறுபடி கேட்டிருக்கும். இனி என்ன என்று நேர்முகம் முடிந்த கையோடு யாழ்ப்பாணம் போய் வந்தவர், அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சத்தியப்பிரமாணம் செய்ததும், முன்கூட்டியே அனுமதி பெறாதவரின் இலங்கைக் குடியுரிமை அந்நாட்டுச் சட்டப்படி முடிந்துவிடும். பிறகு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் கடவுச்சீட்டில் விசா எடுத்து ஊருக்குப் போகலாம்.

ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள், நாள் கிடக்கிறது என்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். பயணம் செய்யக்கூடிய நிலையில் அவர்கள் இருந்தால் சென்னைக்கோ திருச்சிக்கோ வரவழைத்து அங்கே போய்ப் பாருங்கள். அது முடியாமல், போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ரிக்கெற் போடுமுன் சட்டத்தரணிக்கு ஒரு ஃபோன் எடுங்கள்.